புத்தாண்டு உறுதிமொழிகளுக்குச் சித்திரையில் ஒரு கணக்கு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புத்தாண்டு நாளன்று தங்கள் நாளிதழின் இணைப்பில் வாசகர்கள் பலரின் உறுதிமொழிகளைப் படங்களுடன் வெளியிட்டிருந்தீர்கள். நாள்தோறும் நடைப்பயிற்சி, காப்பியில் சர்க்கரையைக் குறைப்பது, படுக்கையில் கைப்பேசி பார்ப்பதை விடுவது, ஒரு வேளையாவது பிள்ளைகளுடன் உட்கார்ந்து சாப்பிடுவது என ஒவ்வொருவரும் மனப்பூர்வமாகவே சொல்லியிருந்தார்கள். ஆனால் உடன் வந்திருந்த கட்டுரை, எந்தப் பழக்கத்தையும் 21 நாள்கள் விடாமல் செய்தால் அது நிலைத்துவிடும் என்றும், இடையில் ஒரு நாள் தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றும் கூறியது. இவ்விரண்டும் சரியல்ல. அவற்றை நம்புகிறவர்கள்தாம் முதலில் மனம் தளர்ந்துபோவார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

இந்த 21 நாள் கணக்கு, மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் 1960-இல் எழுதிய நூலிலிருந்து பரவியது. முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் தம் புதிய தோற்றத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள்களாவது ஆகிறது என்று தாம் கண்டதை அவர் எழுதினார். அதுவே நாளடைவில் எல்லாப் பழக்கங்களுக்கும் உரிய விதியாகிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் உடன் பணியாற்றியவர்களும் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வு சொல்வது வேறு. மதிய உணவோடு தண்ணீர் குடிப்பது, இரவு உணவுக்கு முன் கால் மணி நேரம் ஓடுவது போன்ற ஒரு சிறு செயலைத் தேர்ந்துகொண்ட 96 பேரை அவர்கள் 12 வாரங்கள் கவனித்தார்கள். யோசிக்காமலே அந்தச் செயலில் இறங்கும் நிலை வருவதற்குப் பொதுவாக 66 நாள்கள் அளவில் தேவைப்பட்டன. ஆளுக்கு ஆள் இது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபடும் என்றும் கணித்தார்கள். நடுவே ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவதில் குறிப்பிடத்தக்க பாதிப்பு எதுவும் ஏற்படவில்லை என்பதும் அந்த ஆய்வின் முடிவுகளுள் ஒன்று.

நம் ஊரில் அந்த விட்டுப்போகும் நாள் எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஜனவரி முதல் வாரம் காலை ஆறு மணிக்கு இரு சக்கர வாகனம் நிறுத்த இடம் கிடைப்பதில்லை; அடிப்பாகத்தின் வெள்ளை மாறாத புதுக் காலணிகளுடன் எத்தனையோ பேர் வருகிறார்கள். இரண்டு வாரம் கழிவதற்குள் பொங்கல் வந்துவிடுகிறது. சொந்த ஊர்ப் பயணம், உறவினர் வீடு, சர்க்கரைப் பொங்கல், கரும்பு என்று நான்கைந்து நாள்கள் போனபின் அவர்களில் பாதிப் பேரைக் காணோம். கேட்டால், ‘ஊருக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து விட்டுப்போயிற்று’ என்பார்கள். பண்டிகைக்கு ஊருக்குப் போவதில் எந்தத் தவறும் இல்லை. அங்கே விட்டதை இங்கே வந்து தொடரலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லாததே குறை. அமெரிக்காவின் ஸ்கிராண்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் நார்கிராஸ் குழுவினர் 1980-களின் பிற்பகுதியில் வெளியிட்ட ஆய்வில், புத்தாண்டு உறுதிமொழி எடுத்த 200 பேரில் முதல் வாரத்தைத் தாண்டியவர்கள் 77 விழுக்காடு, இரண்டு ஆண்டுகள் நிலைத்தவர்கள் 19 விழுக்காடு. நிலைத்து நின்றவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் இடையில் ஒரு முறையாவது தவறியவர்களே என்ற செய்தியைத்தான் நாம் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும்.

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அம்மையார் ஒருவர், சென்ற ஆண்டு நடக்கத் தொடங்கியபோது கடைச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் நடந்த நாளையெல்லாம் துணியில் கோடு போடும் சுண்ணக்கட்டியால் குறித்துவந்தார். பொங்கலுக்கு ஒரு வரிசை வெறுமையாக இருந்தது. மாமியாரை மருத்துவமனையில் சேர்த்திருந்த மார்ச் மாதத்தில் இன்னொரு வரிசை. எடையில் பெரிய மாற்றம் தெரியவில்லை என்று வருத்தப்பட்டவர், ஏப்ரலில் எச்பிஏ1சி என்ற இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொண்டபோது, எட்டுக்கு மேல் இருந்த அளவு ஏழரைக்கு வந்திருந்தது. மாத்திரை எதுவும் மாறவில்லை. அந்தப் பரிசோதனை ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது. ஒரு நாள் பட்டினி கிடந்தும் அதை ஏமாற்ற முடியாது, ஒரு நாள் பாயசம் குடித்ததற்காக அது உழைப்பை அழித்துவிடுவதும் இல்லை. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்கிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டிருக்கும் நிலையில், நடைப்பயிற்சி உறுதிமொழி எடுத்த தங்கள் வாசகர்களில் பலருக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

மற்ற உறுதிமொழிகளுக்கும் இதே கால அளவு ஏற்றது என்பது என் கருத்து. ஜனவரி முதல் நாளிலிருந்து மூன்றரை மாதத்தில் சித்திரை பிறக்கிறது. நம் கடைவீதிகளில் புதுக்கணக்கு எழுதும் நாள் அது. நட்டம் வந்த மாதத்துக்காக எந்த வியாபாரியும் பேரேட்டைக் கிழித்துப் போடுவதில்லை. முந்தைய நிலுவையை அடுத்த பக்கத்தில் ஏற்றிக்கொண்டு மேலே எழுதுகிறார். தன் முன்னேற்றத்தைப் பார்க்க விரும்புகிறவரும் அப்படித்தான் உட்கார வேண்டும். சொன்னது எவ்வளவு, செய்தது எவ்வளவு, எந்த வாரத்தில் நின்றது, எதனால் நின்றது, திரும்பத் தொடங்க எது உதவியது என்று எழுதிப் பார்த்தால், தினமும் ஒரு மணி நேரம் என்று எடுத்த உறுதிமொழியை அரை மணியாகக் குறைக்க வேண்டுமா என்பதும் தெளிவாகும். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பே உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் குறைந்த அளவு. அரை மணி நேரம் ஐந்து நாள் நடந்தாலே அது நிறைவேறிவிடுகிறது. பெரிதாகச் சொல்லி விட்டவர், சிறிதாக்கிக்கொண்டு தொடர்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆகவே, புத்தாண்டு இணைப்பில் இடம்பெற்ற அதே வாசகர்களைச் சித்திரை முதல் நாள் இதழில் மீண்டும் பேச வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வெற்றி பெற்றவர்களை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டாம். நின்றுபோய்த் திரும்பி வந்தவர்களுக்கும், தமக்கு ஒத்துவராது என்று யோசித்துக் கைவிட்டவர்களுக்கும் சம இடம் தாருங்கள். அவர்களுடைய தொலைபேசி எண்கள் தங்கள் நிருபர்களிடம் இருக்கும். பொங்கல் விடுமுறை முடிந்திருக்கும் இந்த வாரத்திலேயே ஒரு முறை கூப்பிட்டு நலம் விசாரித்தால், சிலராவது மறுநாள் காலையே காலணியை மாட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்.