அத்தைக்கு, சத்துமாவு டப்பா பற்றி

அன்புள்ள அத்தை,

"அந்த ஊர்ல என்னத்தடா திம்பே?" என்று கேட்டு, கிளம்பும்போது சத்துமாவு டப்பாவைப் பைக்குள் திணித்தீர்கள். திரும்பி வந்ததும் போனில், "மலை எப்படி இருந்துச்சு?" என்றீர்கள். போனில் எனக்குச் சொல்ல வரவில்லை. இங்கே எழுதிவிட்டேன், தம்பி படித்துக் காட்டுவான்.

மலை என்றால் குற்றாலத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். திபெத்தில் நான் போன பக்கம் மலையில் மரமே கிடையாது. மழையில் பெரும்பகுதியை இமயம் தெற்குப் பக்கமே நிறுத்திக்கொள்கிறது. இந்தப் பக்கம் வெறும் பழுப்பு, யானைத் தோல்போல மடிப்பு மடிப்பாக. லாசாவிலிருந்து கம்பா லா கணவாய் ஏறும்வரை அதையே பார்த்துச் சலித்துப்போயிருந்தேன். மேலே போய் இறங்கினால், கீழே யம்ட்ரோக் ஏரி. 4,441 மீட்டர் உயரத்தில் அவ்வளவு தண்ணீர்! உங்கள் மயில்கழுத்துப் பட்டுச்சேலையை உதறி விரித்ததுபோல, மேகம் நகர நகர நிறம் மாறியது. கணவாயில் கட்டிய ஐந்து நிறக் கொடிகள் காற்றில் படபடத்தன. எங்கள் வழிகாட்டி "கி கி ஸோ ஸோ, ல்ஹா கியாலோ!" என்று கத்தினார். தெய்வங்களுக்கே வெற்றி என்று அர்த்தமாம். நானும் கத்தினேன், பாதியிலேயே மூச்சு வாங்கியது. பத்து நிமிடத்தில் தலைவலி வண்டிக்குள் துரத்திவிட்டது.

லாசாவில் பொட்டலா அரண்மனையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் அறைக்கு மேல். அங்கே இருக்க வேண்டிய தலாய் லாமா 1959இல் இந்தியா வந்துவிட்டார், அவர் படத்தை வைத்திருக்கக்கூட அங்கே தடை. அதைப் பற்றி வழிகாட்டியிடம் நான் எதுவும் கேட்கவில்லை. எனக்குப் பிடித்தது ஜோகாங் கோயில்தான். விடியற்காலையில் கிழவிகள் சின்னப் பிரார்த்தனைச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு கோயிலை வலம் வருகிறார்கள். சிலர் கையில் மரப்பலகை, இடுப்பில் தோல் கட்டிக்கொண்டு, விழுந்து கும்பிட்டு, எழுந்து, கை தொட்ட இடம்வரை நடந்து, மறுபடி விழுகிறார்கள். பலகை கல்லில் சர்ரென்று உரசும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. விளக்குக்கு ஊற்ற உருக்கிய வெண்ணெயை பிளாஸ்கில் கொண்டுவருகிறார்கள். நீங்கள் தூக்கில் எண்ணெய் கொண்டுபோவீர்களே, அதேதான்.

வெண்ணெய் என்றதும் ஞாபகம் வருகிறது. "யாக் வெண்ணெயா?" என்று கேட்டு வழிகாட்டியைச் சிரிக்க வைத்துவிட்டேன். யாக் என்றால் ஆண் மாடாம், பெண் மாடு 'ட்ரி'. காளையைக் கறந்தீர்களா என்று கேட்டிருக்கிறேன்!

இப்போது டப்பா கதை. கியான்ட்சே பக்கம் ஒரு விவசாயி வீட்டில் உட்கார்ந்தோம். சுற்றிலும் பார்லி வயல். லாசா உயரத்திலேயே தண்ணீர் 88 டிகிரி வாக்கில் கொதித்துவிடுகிறது, சும்மா பானையில் சோறு சரியாக வேகாது. அதனால்தானோ என்னவோ, பார்லியைச் சுடுமணலில் பொரித்துச் சலித்து மாவாக்கி வைத்துக்கொள்கிறார்கள். சம்பா என்று பெயர், நம் சம்பா நெல் இல்லை. அந்த வீட்டுப் பாட்டி உப்பும் வெண்ணெயும் கடைந்த டீயைக் கிண்ணத்தில் ஊற்றி, மேலே மாவைப் போட்டு, விரலாலேயே ஓரத்திலிருந்து வழித்து வழித்துப் பிசைந்தார். ஒரு துளி சிந்தவில்லை. உருண்டை பிடித்து என் கையில் வைத்தார். டீ எனக்கு இறங்கவே இல்லை, ஒரு வாய் குடித்தால் உடனே நிரப்பிவிடுகிறார்கள். உருண்டை மட்டும் வாயில் வைத்ததும், அடடா, நம் வீட்டு வாசனை!

உங்கள் டப்பாவை எடுத்து நீட்டினேன். பாட்டி முகர்ந்து பார்த்தார், ஏலக்காயோ என்னவோ, புருவம் ஏறியது. கேழ்வரகின் நிறத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டார். பிறகு அதையும் அதே டீயில் பிசைந்து, பேரனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, தனக்கு ஒன்று. பேரன் இன்னொன்று கேட்டான். மீதி மாவை அங்கேயே கொட்டிக் கொடுத்துவிட்டேன்.

கிளம்பும்போது டப்பாவைத் துடைத்துத் திருப்பித் தந்தார். கனமாக இருந்தது. பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தராத வழக்கம் உங்களுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி கொண்டுவருவான். கஞ்சி காய்ச்சிவிடாதீர்கள் அத்தை, அது ஏற்கெனவே வறுத்தது.

உங்கள் மருமகன்