வேறு நிறுவனச் சான்றிதழையும் ஏற்க எங்களுக்கு ஒரு வழி கொடுங்கள்

வயர்லெஸ் கருவிகள் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். ஒரு கல்லூரியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். விடுதியில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த 40 ஆக்சஸ் பாயிண்டுகளை (வைஃபை தரும் பெட்டிகள்), அவற்றை ஒரே இடத்திலிருந்து இயக்குவதற்காகப் புதிதாக வாங்கிய வேறு நிறுவனக் கன்ட்ரோலரோடு சேர்க்க முயன்றேன். இரண்டின் விவரத்தாளிலும் 'கேப்வாப்' என்று அச்சிட்டிருந்தது; ஆக்சஸ் பாயிண்டும் கன்ட்ரோலரும் பேசிக்கொள்வதற்கான பொதுத் தரம் அது. அதை நம்பித்தான் இறங்கினேன்.

சுவிட்ச் போர்ட்டை மிரர் செய்து, அதாவது அதில் போவதையெல்லாம் நகலெடுத்து, பாக்கெட்டுகளைப் பார்த்தேன். கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபியின் ஆப்ஷன் 138 வழியாகக் கன்ட்ரோலரின் முகவரி ஆக்சஸ் பாயிண்டுக்குக் கிடைத்தது. கேப்வாப்புக்கான யுடிபி 5246 போர்ட்டில் அது கூப்பிட்டது. கன்ட்ரோலரும் பதில் சொன்னது. ஆகா, சேர்ந்துவிடும் என்று நினைத்தேன். அடுத்த படி டிடிஎல்எஸ், இரண்டும் சான்றிதழைக் காட்டிப் பாதுகாப்பான இணைப்பு அமைக்கும் இடம். அங்கே முறிந்தது. வேறு நிறுவனம் கையெழுத்திட்ட சான்றிதழைக் கன்ட்ரோலர் ஏற்கவில்லை. ஏற்கச் சொல்ல அதில் எந்த வசதியும் எனக்கு இல்லை. மறுபடி கூப்பிடும், மறுபடி முறியும். இரவு பதினொரு மணிக்கு ஏணியிலிருந்து இறங்கியபோதும் ஆக்சஸ் பாயிண்டின் விளக்கு மினுங்கிக்கொண்டேதான் இருந்தது.

2009ல் கேப்வாப்பை வகுத்த ஆர்எஃப்சி 5415 ஆவணம் வந்ததே வெவ்வேறு நிறுவனக் கருவிகள் ஒன்றாக வேலை செய்யத்தான். நிறுவனங்கள் தங்களுக்கென்று கூடுதல் செய்திகளைச் சேர்த்துக்கொள்ளவும் அதில் இடம் உண்டு. அந்த இடத்துக்குள் அத்தியாவசியமானதையும் வைத்துப் பூட்டிவிட்டீர்கள்.

இப்போது அந்த 40ஐயும் கன்ட்ரோலர் இல்லாமல், அதே எஸ்எஸ்ஐடி (வைஃபை பெயர்), பயனரைச் சரிபார்க்கும் அதே ரேடியஸ் சர்வரோடு ஓட விட்டிருக்கிறேன். சேனல் மாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொன்றிலும் தனியாக நுழைய வேண்டும். விடுதி மாடிப்படித் திருப்பத்தில் புதிய ஆக்சஸ் பாயிண்டுக்கு மாறும்போது, வீட்டோடு வீடியோவில் பேசிக்கொண்டு ஏறும் பிள்ளைகளுக்கு அழைப்பு அறுந்துபோகிறது. இந்த மாற்றத்தை விரைவாக்கும் 802.11ஆர் தரம் இருக்கிறதே என்பீர்கள். ஆக்சஸ் பாயிண்டுகள் தங்களுக்குள் குறியாக்கச் சாவியை எப்படிக் கடத்துவது என்பதை அந்தத் தரம் வகுக்கவில்லை. ஆளுக்கொரு முறை வைத்திருக்கிறீர்கள்.

ஸ்பெக்ட்ரம் ஆய்வும் இருப்பிடக் கணிப்பும் உங்கள் உழைப்பு. அவற்றை நான் கேட்கவில்லை. வேறு நிறுவனத்தின் மூலச் சான்றிதழைக் கன்ட்ரோலரில் ஏற்ற நிர்வாகிக்கு அனுமதி கொடுங்கள். எஸ்எஸ்ஐடி, விலேன் (நெட்வொர்க்கின் உட்பிரிவு), சேனல், பவர் இந்த நான்கையும் பொதுத் தரத்தின்படியே இயங்க விடுங்கள். முடியாத காரியமில்லை: டெலிகாம் இன்ஃப்ரா ப்ராஜெக்ட் என்ற கூட்டமைப்பின் திறந்த மென்பொருளான ஓப்பன்வைஃபை, பல நிறுவன ஆக்சஸ் பாயிண்டுகளை ஒரே கன்ட்ரோலரின் கீழ் கொண்டுவந்திருக்கிறது. அதுவரை, விவரத்தாளில் 'கேப்வாப்' என்று போடும் இடத்தில் 'எங்கள் கருவிகளோடு மட்டும்' என்றும் போடுங்கள்.

அப்படி ஒரு ஃபர்ம்வேர் தந்தால், வந்த அன்றே அதே தாழ்வாரத்தில் ஏணி போட்டுச் சோதித்து, பாக்கெட் பதிவுகளோடு உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு நெட்வொர்க் நிர்வாகி