பெயரில் ஒளிந்திருப்பதும் நாம் ஒளித்து வைப்பதும்

ஆசிரியருக்கு,

கதைமாந்தர் பெயர்களின் மறைபொருள் பற்றிய கட்டுரை, எழுத்தாளர் வைத்ததையும் வாசகர் கண்டெடுத்ததையும் ஒன்றாகக் கலந்துவிட்டது. 1968-இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தில் வரும் கணினி 'ஹால்' (HAL). எச், ஏ, எல் ஒவ்வொன்றுக்கும் ஆங்கில அகரவரிசையில் அடுத்த எழுத்தை எடுத்தால், கணினி நிறுவனமான ஐ.பி.எம்.மின் பெயர் வரும். கச்சிதம்தான்! ஆனால் அக்கதையை எழுதியவர்களில் ஒருவரான ஆர்தர் சி. கிளார்க் அதைத் தற்செயல் என்றே சொல்லிவந்தார். கதையிலேயே அப்பெயருக்கு வேறு விரிவு உண்டு.

ஒரு மறைபொருள் எழுத்தாளர் வைத்ததுதானா என்று அறிய, முதலில் காலவரிசையைப் பார்க்க வேண்டும். 'ஸ்டார் வார்ஸ்' படங்களின் வில்லன் டார்த் வேடரை எடுத்துக்கொள்வோம். டச்சு மொழியில் 'வேடர்' (vader) என எழுதப்படும் சொல்லுக்குத் தந்தை என்று பொருள் என்பது சரி. ஆனால் அவர் நாயகனின் தந்தை என்பது அவ்வரிசையின் 1980 படத்தில்தான் வெளிப்படுகிறது. தொடக்க வரைவில் அந்தப் பெயர் ஒரு சாதாரணப் படைத்தளபதிக்குரியது.

அடுத்து, பெயரின் இரு பாதிகளும் ஒரே திசையைக் காட்டுகின்றனவா? ஹாரி பாட்டர் வரிசையின் ரீமஸ் லூபினில் காட்டுகின்றன. ரீமஸ், ஓநாயிடம் பால் குடித்த ரோமானியப் புராணக் குழந்தை. 'லூபஸ்' லத்தீனில் ஓநாய். இங்கே தற்செயல் வாதம் எடுபடாது. லத்தீன் அறிந்தவருக்கு அவர் ஓநாய்மனிதர் என்ற ரகசியம் அறிமுகத்திலேயே உடைந்துவிடும் என்பதுதான் சிக்கல்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்