ஆவாரைக்குத் தண்ணீரைக் குறை, கண்ணு

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்து கிடக்கின்றன. தொட்டி மண் கறுத்து ஈரமாக இருக்கிறது. பக்கத்திலேயே தண்ணீர்க் குவளை. எனக்குத் தெரிந்து செடிக்கு நோய் ஒன்றும் இல்லை, உன் கவனிப்புதான் அதிகம். உரம் வைக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். முதலில் தண்ணீரை நிறுத்து.

ஆவாரை கல்லும் சரளையும் கிடக்கிற வறண்ட தரையில் தானாக முளைக்கிற செடி. ஆணிவேரை ஆழமாக இறக்கித் தனக்கு வேண்டியதைத் தானே தேடிக்கொள்ளும். தொட்டியில் அதற்கு வழியில்லை என்பதால் நாம்தான் ஊற்ற வேண்டும், சரி. ஆனால் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, உள்ளேயும் ஈரம் ஒட்டவில்லை என்றால் மட்டும் ஊற்று. ஊற்றினால் அடித்துளை வழியாக வெளியே வருகிற அளவுக்கு ஊற்று, பிறகு மண் காய்கிறவரை அந்தப் பக்கம் போகாதே. தினமும் அரைக் குவளை கொடுத்தால் மண் நசநசவென்றே இருக்கும், வேருக்குக் காற்று கிடைக்காது, அழுகிப்போகும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருக்கிறாயே, அதை இன்றைக்கே எடுத்துவிடு.

வெயில் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் பட வேண்டும். நிழலில் வைத்தால் செத்துவிடாது. நெடுநெடுவென்று வளர்ந்து நிற்கும், பூக்காது. மண்ணில் மணலைத் தாராளமாகக் கல. மக்கிய உரம் ஆண்டுக்கு ஒரு பிடி போதும். இது அவரைக் குடும்பம்தான் என்றாலும் வேரில் முடிச்சு வைத்துக் காற்றிலிருந்து தழைச்சத்து சேர்க்கிற செடி இல்லை. அதற்காகத் தழைச்சத்து உரத்தைக் கொட்டிவிடாதே, இலைதான் மண்டும்.

நீ வாங்கியது ஆவாரைதானா என்றும் ஒருமுறை பார்த்துவிடு. மஞ்சள் பூ பூக்கிற பலதையும் இந்தப் பெயரில் விற்றுவிடுகிறார்கள். இலைக்காம்பு தண்டோடு சேருகிற இடத்தில், இரண்டு பக்கமும் சின்னக் காது மாதிரி அகலமான செதில் ஒட்டியிருக்க வேண்டும். காய் தட்டையாக, மெல்லியதாக, காய்ந்ததும் காகிதம்போல் சலசலக்கும். பூ நிமிர்ந்த கதிராக நின்று, காயில் இறக்கை மாதிரி விளிம்பு இருந்தால் அது சீமை அகத்தி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது.

அப்புறம், இலையில் பச்சைப் புழு வந்தால் பதறி மருந்து அடிக்காதே. மஞ்சளும் வெள்ளையுமாகப் பறக்கிற வண்ணத்துப்பூச்சிகள் சில, ஆவாரையின் இனத்துச் செடிகளைத் தேடிப்பிடித்துத்தான் முட்டை இடும். இலையின் நடு நரம்போடு ஒட்டிக் கிடந்தால் புழு கண்ணுக்கே தெரியாது. ஒரு கிளையை மொட்டையடித்துவிட்டுக் கூட்டுப்புழுவாகப் போய்விடும். நன்றாக வேர்பிடித்த செடி திரும்பத் துளிர்த்துவிடும். சின்னக் கன்றாக இருந்தால் மட்டும் ஒன்றிரண்டு புழுவை எடுத்து வேறு ஆவாரையில் விடு. மாவுப்பூச்சி வந்தால் அதற்கும் மருந்து வேண்டாம், குழாயில் வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சினால் போய்விடும்.

மருந்து வேண்டாம் என்று நான் இவ்வளவு சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. பூத்த பிறகு காலையில் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பார். பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் நுனியில் சின்னத் துளை மட்டும் இருக்கிற மகரந்தப் பைக்குள் அடைந்து கிடக்கும். கருநிறத்துப் பெரிய தச்சன் தேனீ வந்து பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சிறகை விரிக்காமலே உடம்பை அதிரவைக்கும். அந்த நேரத்தில் ரீங்காரம் சட்டென்று மாறும், மகரந்தம் துளை வழியாகத் தூளாகத் தெறிக்கும். அடைத்தேனீக்கு இந்த வித்தை வராது. இந்தப் பெரிய தேனீக்கள் வராவிட்டால் பூ பூக்கும், காய் பிடிப்பது அபூர்வம்.

கிளை நுனியில்தான் பூக்கொத்து வரும். ஆகவே இளஞ்செடி ஓரடி வந்ததும் கொழுந்தைக் கிள்ளிவிடு, பக்கக் கிளைகள் பிரியும். ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரி. மொட்டு வைத்திருக்கும்போது கத்தரிக்கோலை எடுக்காதே.

விதை போட ஆசைப்பட்டால், தோல் கெட்டியானது என்பதை நினைவில் வை. கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிடு. காலையில் உப்பியதை எடுத்து விதை. உப்பாததை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறப்போடு. ஆணிவேர் என்பதால் உயரமான பையில் போட்டு, கன்று சின்னதாக இருக்கும்போதே நட்டுவிட வேண்டும். வளர்ந்த செடியைப் பிடுங்கி நட்டால் பிழைப்பது கஷ்டம்.

இப்போதைக்கு இந்தச் செடியை ஒரு வாரம் தொடாதே. அதற்குள் புதுத் துளிர் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் தொட்டியைச் சாய்த்து வேரைப் பார்: வெளுப்பாக, உறுதியாக இருந்தால் இன்னும் பொறு, கறுத்துக் கொழகொழவென்று இருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மணல் கூடிய புது மண்ணில் வை. அடுத்த முறை படம் அனுப்பும்போது தண்டையும் சேர்த்து எடு. இலையும் மண்ணும் மட்டும் தெரிந்தால் தண்டு எப்படி இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அன்புடன்,
அம்மா