கையால் கல்லில் எழுத்து வெட்டக் கற்றுத்தர வேலூரில் ஓர் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மாவட்டத்தில் புதிதாகத் திறக்கப்படும் பள்ளிக் கட்டடங்களிலும் நூலகங்களிலும், திருப்பணி முடிந்த கோயில்களிலும் பதிக்கப்படும் பெயர்க்கற்களைப் பற்றியும், அவற்றில் எழுத்து வெட்டும் கைத்தொழிலைக் கற்றுக்கொள்ள இங்கே வழியில்லாமல் இருப்பதைப் பற்றியும் தங்கள் நாளிதழ் வழியாகச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். சுவரெழுத்தும் கடைகளின் பெயர்ப்பலகையும் எழுதிப் பிழைத்தவன் நான். ஃபிளக்ஸ் வந்த பிறகு அந்த வேலை அருகிப்போயிற்று. இப்போது காட்பாடிப் பக்கத்தில் ஒரு கல்பட்டறையில், அம்மியும் ஆட்டுக்கல்லும் கல்தூணும் செய்துவரும் மூத்த ஆசாரி ஒருவரிடம் எழுத்து வெட்டக் கற்று வருகிறேன். எழுத்துக்கென்றே கற்க வருபவர் என்னைத் தவிர அந்தப் பட்டறையில் வேறு எவரும் இல்லை என்பதுதான் இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியது.

இன்று நாம் காணும் பெயர்க்கற்களில் பெரும்பாலானவை மெருகேற்றிய கறுப்புக் கிரானைட்டால் ஆனவை. வாசகத்தைக் கணினியில் அடித்து, அதை ரப்பர் ஒட்டுத்தாளில் வெட்டியெடுத்துக் கல்லின்மேல் ஒட்டி, அழுத்தக் காற்றோடு மணலை வீசி எழுத்து இருக்கும் இடத்தை மட்டும் அரிக்கிறார்கள். பிறகு அதில் பொன்வண்ணமோ வெள்ளையோ தீட்டுகிறார்கள். லேசரால் செய்யும்போது பள்ளம் அதைவிடவும் குறைவு. கறுப்பு மெருகு வெளுப்பதால்தான் எழுத்து தெரிகிறது. இயந்திரத்தை நான் குறை கூறவில்லை. மறுநாள் திறப்பு விழா என்றால் அதைவிட்டால் வேறு வழியும் இல்லை. ஆனால் அந்த எழுத்துருக்கள் தாளில் அச்சிடுவதற்காக வரையப்பட்டவை. அவற்றின் மெல்லிய கோடுகள் கல்லில் ஆழம் பெறுவதில்லை. வண்ணம் உதிர்ந்தால் கோடும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. ஓர் எழுத்துருவிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறி நிற்க, அப்படியே கல்லில் ஏறிவிட்ட பெயர்களையும் இதே மாவட்டத்தில் பார்த்திருக்கிறேன். கையால் வெட்டுபவர் ஒவ்வோர் எழுத்தையும் தாமே வரைந்து, நெடுநேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பதால் அத்தகைய பிழை அவர் கண்ணுக்குத் தப்புவது அரிது.

கல்லெழுத்தைக் கற்பது உளியில் தொடங்குவதில்லை, தூரிகையில் தொடங்குகிறது. ரோமாபுரியில் கி.பி. 113இல் எழுப்பப்பட்ட டிராஜன் தூணின் அடிப்பீடத்தில் உள்ள எழுத்துகள் உலகெங்கும் கல்லெழுத்துக்கு இலக்கணமாகக் கருதப்படுகின்றன. அவை முதலில் பட்டைத் தூரிகையால் கல்லின்மேல் எழுதப்பட்டு, பிறகே உளியால் வெட்டப்பட்டன என்று விளக்கியவர் எட்வர்ட் கேட்டிச் என்ற அமெரிக்கப் பாதிரியார். அவர் இளமையில் சிகாகோ நகரில் விளம்பரப் பலகை எழுதியவர் என்பதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. எங்கே கோடு தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும், வளைவு எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் கையின் ஓட்டமே தீர்மானிக்கிறது. உளி அதை ஆழப்படுத்துகிறது. எங்கள் பட்டறையிலும் காவி கரைத்த நீரால்தான் கல்லில் எழுதுகிறோம். நூலைக் காவியில் தோய்த்து அடித்து மேல்வரியும் கீழ்வரியும் போட்ட பிறகு எழுத்துகளுக்கு இடையில் விடும் வெளியை அளவுகோலால் அளப்பதில்லை. ரகரம் ஒடுங்கி நிற்கும், ஞகரமும் ணகரமும் அகன்று உட்காரும், பகரமும் டகரமும் நேர்க்கோட்டில் முடியும். எல்லாவற்றுக்கும் ஒரே இடைவெளி விட்டால் வரி ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் பல்விழுந்தும் தெரியும். இரண்டு எழுத்துகளுக்கு நடுவில் உள்ள வெற்றிடத்தின் பரப்பைக் கண்ணால் எடைபோடக் கற்பதற்கே நீண்ட காலம் பிடிக்கிறது.

அதன் பிறகுதான் உளி. கற்பவருக்கு முதலில் கடப்பாக்கல் துண்டுகளைக் கொடுப்பது நல்லது. அது நெருக்கமான மணியுள்ள சுண்ணாம்புக்கல். கருங்கல்லைவிட மிகவும் மென்மையானது. வீட்டுக்குத் தளமும் அலமாரித் தட்டும் போடும் கடைகளில் கழிவுத் துண்டாகவே கிடைக்கும். அதில் தட்டை உளியைச் சாய்த்துப் பிடித்து, கோட்டின் நடுவில் முதலில் ஒரு தடம் எடுத்து, பிறகு இரண்டு ஓரங்களிலிருந்தும் நடுவை நோக்கிச் சரிவாக இறக்கினால் ஆப்பு வடிவில் பள்ளம் விழும். பக்கவாட்டில் வெயில் படும்போது ஒரு சரிவு ஒளிரும், மற்றது நிழலாகும். வண்ணமே இல்லாமல் எழுத்து படிக்க வரும். வடக்குச் சுவரில் பதிக்கும் கல்லுக்கு ஆண்டின் பெரும்பகுதி நேர் வெயில் கிடைக்காது என்பதால் அங்கே இன்னும் ஆழமாக வெட்ட வேண்டும் என்று ஆசாரி சொல்வார். கல்லை எந்தச் சுவரில் வைக்கப்போகிறார்கள் என்று கேட்காமல் அவர் எழுத்து வேலையை எடுப்பதே இல்லை.

நம் ஊர்க் கருங்கல் வேறு விதமானது. அது சீவுவதற்கு இடம் கொடுக்காது. கடினமான குவார்ட்ஸ் மணிகள் நிறைந்த அந்தக் கல்லில் கூர் உளியை ஏறக்குறைய நிமிர்த்திப் பிடித்து, சிறு சிறு அடிகளாகத் தட்டிக் கல்லைப் பொடித்தே பள்ளம் எடுக்க முடியும். உளியின் தலையைப் பார்க்காமல் முனையைப் பார்த்துத் தட்ட வேண்டும். இரும்பு உளியாக இருந்தால் முனை விரைவில் மழுங்கும். உலையில் காய்ச்சித் தட்டிக் கூர் எடுத்துப் பதம் வைப்பதும் பாடத்தில் ஒரு பகுதி. இப்போது டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த உளிகள் வந்து அந்தச் சிரமத்தைக் குறைத்திருக்கின்றன. ஆனால் மூன்று சுழி ணகரத்தை வெட்டும்போது எந்த உளியும் உதவாது, பொறுமை ஒன்றுதான் உதவும். ஒரு சுழிக்கும் அடுத்த சுழிக்கும் நடுவில் மெல்லிய சுவராகக் கல் நிற்கிறது. இரண்டு கோடுகள் சந்திக்கும் மூலையை நோக்கி உளியை ஓட்டினால் அந்தச் சுவர் சில்லாகப் பெயர்ந்துவிடும். மூலையிலிருந்து விலகிச் செல்லும் திசையிலேயே தட்டிக்கொண்டு போக வேண்டும். புள்ளியும் எளிதல்ல. கூர் உளியை ஒரே இடத்தில் வைத்துச் சிறிது சிறிதாகத் திருப்பித் திருப்பித் தட்டி உருண்டைக் குழி எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் குழியின் விளிம்பு சிதைந்து, புள்ளி எது, கல்லின் சொரசொரப்பு எது என்று தெரியாது.

இந்தப் பயிற்சிக்குப் பிறகு நம் சுற்றுவட்டாரக் கோயில்களின் கல்வெட்டுகளைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயிலில் 1425ஆம் ஆண்டு, விசயநகர அரசர் தேவராயர் காலத்தில், படைவீட்டு இராச்சியத்து அந்தணர்கள் கூடிச் செய்த தீர்மானம் கல்லில் இருக்கிறது. கன்னடர், தமிழர், தெலுங்கர், குஜராத்துப் பக்கத்து இலாடர் ஆகிய அந்தணர் எல்லோரும் இனிப் பொன் வாங்காமல் பெண்ணைக் கன்னியாதானமாகவே கொடுப்பது என்றும், பொன் கொடுத்தவரும் வாங்கியவரும் தண்டனைக்கு உரியவர் என்றும் அது கூறுகிறது. எல்லோரும் வந்துபோகும் இடத்தில், எவராலும் மாற்ற முடியாதபடி அதை வைக்க வேண்டியிருந்தது. அதற்கு உளி பிடித்த ஒருவர் தேவைப்பட்டார். ஆற்காட்டுக்கு அருகே பஞ்சபாண்டவ மலையில் பல்லவ மன்னர் நந்திப்போத்தரசரின் ஐம்பதாம் ஆட்சியாண்டில் பொன்னியக்கியார் என்ற சமண இயக்கியின் உருவத்தைச் செதுக்குவித்த நாரணன் ஒரு மருத்துவரின் மகன் என்பது வரை கல் நமக்குச் சொல்கிறது. மகேந்திரவாடிக் குடைவரையில் மகேந்திரவர்மனின் கிரந்த எழுத்துகளும், போளூர்த் திருமலையில் கங்கை வரையிலான வெற்றிகளை அடுக்கும் இராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டும் பழைய வட ஆற்காட்டின் எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. பழந்தமிழ்க் கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை, சொற்களுக்கு நடுவில் இடைவெளி இல்லை, காலும் ரகரமும் ஒன்றுபோலவே நிற்கும் என்பதையெல்லாம் நூலில் படித்தால் மறந்துவிடும். கையால் எழுதி வெட்டிப் பார்த்த மாணவன் மறக்க மாட்டான். கோயில் சுவர்களைத் தூய்மைப்படுத்துவதாகச் சொல்லி மணல் வீசியதில் எழுத்துகள் தேய்ந்துபோன கொடுமையையும், எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று கல்வெட்டின்மேல் சுண்ணக்கட்டியால் கோடிடும் வழக்கத்தையும், எழுத்து வெட்டிய அனுபவமுள்ள ஒருவர் அருகில் இருந்தால் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கருங்கல் தூசி நுரையீரலுக்குப் பகை. அதிலுள்ள நுண்ணிய சிலிக்கா தூள் ஆண்டுக்கணக்கில் உள்ளே போனால் சிலிக்கோசிஸ் என்ற நோய் வரும். வந்த பிறகு அதைக் குணப்படுத்த வழியில்லை. துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது. கல்லை ஈரப்படுத்தி வெட்டுவதும், காற்றோட்டமான இடத்தில் உட்காருவதும், தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பதும், பொருத்தமான முகக்கவசமும் கண்ணாடியும் அணிவதும் முதல் நாள் பாடமாகவே இருக்க வேண்டும். பரம்பரையாக இந்தத் தொழிலைச் செய்தவர்கள் தங்கள் பிள்ளைகளை இதில் விடத் தயங்குவதற்கு வருமானக் குறைவு ஒரு காரணம் என்றால் இருமல் மற்றொரு காரணம். அந்த அச்சத்தைப் போக்காமல் இளைஞர்களை வாருங்கள் என்று அழைக்க நமக்கு உரிமை இல்லை.

மாமல்லபுரத்தில் 1957ஆம் ஆண்டு முதல் அரசின் சிற்பக்கலைப் பயிற்சி நடந்து வருகிறது. முழுநேரமாகப் படித்துச் சிற்பியாக விரும்புபவர்களுக்கு அது பெரும் பேறு. நான் கேட்பது அதைவிட மிகச் சிறியது. வேலையிலும் படிப்பிலும் இருப்பவர்கள், பெண்கள் உட்பட, எந்தக் குடும்பத்தில் பிறந்தவரானாலும், வார இறுதியில் வந்து எழுத்து மட்டும் வெட்டக் கற்கும்படி வேலூரில் ஒரு வகுப்பு வேண்டும். கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தின் அருகிலோ, மாவட்டத்தின் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றிலோ நிழலான ஒரு திறந்த கொட்டகை இருந்தால் போதும். கடப்பாக்கல் துண்டுகள், சில உளிகள், தண்ணீர், முகக்கவசங்கள் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு பெரிதல்ல. ஆனால் கற்றுத்தரும் ஆசாரிக்கு முறையான ஊதியம் வழங்க வேண்டும்; பாராட்டுப் பத்திரத்தோடு அனுப்பிவிடக் கூடாது. கலை பண்பாட்டுத் துறையும் மாவட்ட நிர்வாகமும் இதைக் கருத வேண்டுகிறேன்.

வகுப்பு மட்டும் இருந்து வேலை இல்லையென்றால் அது நிலைக்காது என்பதும் எனக்குத் தெரியும். அமெரிக்காவின் நியூபோர்ட் நகரில் 1705இல் தொடங்கிய கல்லெழுத்துப் பட்டறை ஒன்று இன்றும் கையால் எழுத்து வெட்டிக்கொண்டிருக்கிறது என்றால், நினைவுக்கற்களை அதனிடம் கொடுத்துச் செய்வித்துக்கொள்ளும் மக்கள் தலைமுறை தலைமுறையாக இருந்ததே காரணம். ஆகவே உள்ளாட்சி அமைப்புகளும் பள்ளிகளும் அறங்காவலர்களும், தங்கள் கட்டடத்தின் பெயரையும் ஆண்டையும் தாங்கும் ஒரே ஒரு கல்லையாவது கையால் வெட்டிய எழுத்தில் வைக்க முன்வர வேண்டும். விருந்தினர் பட்டியல் நீளமாக இருந்தால் அதை இயந்திரத்துக்கு விட்டுவிடலாம். பெயரும் ஆண்டும் மட்டும் என்றால் எழுத்துகள் குறைவு, விலையும் தாங்கக்கூடியதே. திறப்பு விழாவுக்கு முந்தைய வாரத்தில் அல்லாமல், அடித்தளம் போடும்போதே வாசகத்தை முடிவு செய்து ஆசாரியிடம் கொடுத்துவிட்டால் அவருக்கும் போதிய காலம் கிடைக்கும்.

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் கையால் எழுத்து வெட்டத் தெரிந்த கல்தச்சர்கள் இன்னும் எங்கெங்கே இருக்கிறார்கள் என்பதைத் தங்கள் செய்தியாளர்கள் வழியாகத் திரட்டி வெளியிட்டால், அது வகுப்பைத் தொடங்குவதற்கும் கல் செய்விக்க விரும்புபவர்களுக்கும் ஒருசேர உதவும். வகுப்பு ஒன்று அமையுமானால், உளியைத் தொடும் முன் மாணவர்களுக்குத் தேவைப்படும் தூரிகைப் பயிற்சியை ஊதியம் எதுவும் பெறாமல் நானே நடத்தித் தருகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.