கோபுரம் கடைசி நாளில் ஏறலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒரு பாடகர் குழு வெளிநாட்டில் கச்சேரிக்கு முன்னால் ஊர் சுற்றிய கட்டுரையைப் போன இதழில் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் பாடப் போகிறவர்கள் சுற்றும்போது தொண்டையை என்ன செய்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் புதுச்சேரியில் ஒரு கோவில் பாடகர் குழுவில் ஆல்ட்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல். போன ஜூனில் இருபது பேர் ஜெர்மனி போனோம். பயண ஏஜென்ட் (பெயர் வேண்டாம், ஞாயிறு பூசையில் முகத்தைப் பார்க்க வேண்டும்) முதல் கச்சேரிக்கு முந்தின நாள் மாலையில் எங்களைக் கொலோன் பேராலயக் கோபுரத்தில் ஏற்றிவிட்டார். 533 படி, லிஃப்ட் கிடையாது, சுற்றிச் சுற்றிப் போகும் குறுகல் படிக்கட்டு, மேலே போனால் காற்று அறைகிறது. வாயால் மூச்சு வாங்கி வாங்கி ஏறியதில், இறங்கும்போதே உச்சக் குரலில் பாடும் சோப்ரானோ இரண்டு பேருக்குத் தொண்டை கட்டிவிட்டது. மறுநாள் இரவு எட்டு மணிக்கு மேடையேறினால் நம்மூர்க் கணக்கில் பதினொன்றரை, பாதிப் பேருக்குக் கொட்டாவி. எப்படிப் பாடியிருப்போம் என்று கேட்காதீர்கள்.

அதற்காகச் சுற்றவே கூடாது என்று சொல்ல வரவில்லை. அப்புறம் லைப்சிக் போனோம். இசையமைப்பாளர் பாஹ் 1723-லிருந்து 1750-ல் சாகும்வரை இசைப் பொறுப்பில் இருந்த தாமஸ் கோவில் அங்கேதான் இருக்கிறது, அவர் கல்லறையும் உள்ளேயே, பீடத்துக்குப் பக்கத்தில் தரையோடு தரையாக. 1212-ல் தொடங்கிய அந்தக் கோவில் சிறுவர் குழு வெள்ளிக்கிழமை மாலை பாடியதைக் கேட்டோம். வரியின் கடைசி எழுத்தை எல்லாரும் ஒன்றாக முடிக்கிறார்கள், ஓசை அடங்கட்டும் என்று ஒரு கணம் விடுகிறார்கள், பிறகுதான் அடுத்த வரி. நாங்களோ மின்விசிறியையும் மிஷன் வீதி ஹாரனையும் மீறி, மைக்கை விழுங்குகிற மாதிரி பாடியே வளர்ந்தவர்கள். அன்று ராத்திரி ஒத்திகையில் மாஸ்டர் சொன்னது ஒன்றுதான்: "கத்தாதீங்க, மிச்சத்தைக் கட்டடம் பாத்துக்கும்." இரண்டாவது கச்சேரி தப்பித்தது அந்த ஒரு மாலையால்தான்.

கட்டுரையாளர் தொடர்ந்து எழுதுவதாக இருந்தால், சுற்றிய நாளுக்கும் பாடிய நாளுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விட்டார்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். அடுத்த வருடம் நாங்கள் ரோம் போவதாகப் பேச்சு. புனித பேதுரு பேராலயக் குவிமாடத்துக்கு நடந்தே ஏறினால் 551 படி. அதைக் கடைசி நாளில் வைக்கும்படி ஏஜென்ட்டிடம் இப்போதே சொல்லியாகிவிட்டது.

ஒரு வாசகி,
புதுச்சேரி