மாஸ்டர் கொடுத்தாலுமா?

அன்புள்ள தேன்மொழிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் நீ சொன்னது மூன்று நாளாக மனசிலேயே கிடக்கிறது. விளையாட்டு ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு ஊக்கமருந்து பற்றி ஒரு மணி நேரம் படம் போட்டு வகுப்பு எடுத்தாய். தசையை வளர்க்கிற ஸ்டீராய்டு, சோதனைக்கு இரண்டு பாட்டிலில் பிரித்து வைக்கிற ஏ சாம்பிள், பி சாம்பிள் எல்லாம் சொன்னாய். பாதிப் பேர் தூங்கி வழிந்தார்களாம். விடியுமுன் எழுந்து ஓடுகிற பிள்ளைகளை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஃபேனுக்கு அடியில் உட்கார வைத்தால் வேறென்ன செய்யும்? கடைசியில் ஒரு சின்னப் பெண், "மேடம், மாஸ்டர் கொடுத்தாலும் சாப்பிடக் கூடாதா?" என்று கேட்டாள். நீ "தடைப் பட்டியலைப் பாரு" என்று சொல்லி முடித்துவிட்டாய். அவள் கேட்டது பட்டியலைப் பற்றி இல்லை, அம்மா.

2010 ஆசிய விளையாட்டில் 4x400 தொடரோட்டத்தில் நம் பெண்கள் தங்கம் வாங்கினார்களே, அந்த நால்வரில் மூவர் அடுத்த ஆண்டே ஸ்டீராய்டில் மாட்டினார்கள். வெளிநாட்டுக் கோச் கொடுத்த ஜின்செங்கைத்தான் சாப்பிட்டோம் என்றார்கள். இங்கே ஓராண்டுத் தடை. சர்வதேச நடுவர் நீதிமன்றம் அதை இரண்டாக்கியது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ருமேனிய ஜிம்னாஸ்டிக்ஸ் பெண் ஆண்ட்ரியா ரடுகானுக்கு வயது 16. சளிக்கு மாத்திரை கொடுத்தது அவர்கள் அணியின் டாக்டரே. தனிநபர் தங்கம் போனது போனதுதான். யார் கொடுத்தாலும் உன் உடம்புக்குள் இருப்பதற்கு நீதான் பொறுப்பு என்பது விதி.

நாமோ, வாத்தியார் சொன்னால் மறுபேச்சு பேசாதே என்று பத்து வருஷம் வளர்க்கிறோம். அப்புறம் ஒரு மத்தியானம் கூப்பிட்டு, எதையும் கேட்டு வாங்கு என்கிறோம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. நான் மாஸ்டராக இருந்தபோது, மண்டலப் போட்டிக்கு முந்தின வாரம் 1500 மீட்டர் ஓடுகிற பையன் ஒருவன் சோர்ந்து கிடந்தான். மருந்துக்கடையில் "சத்து ஊசி சார்" என்று கொடுத்ததை வாங்கி, நானே கம்பவுண்டரிடம் கூட்டிப்போய்ப் போட வைத்தேன். பாட்டிலில் என்ன எழுதியிருந்தது என்று நான் படிக்கவில்லை. அவனும் கேட்கவில்லை, கையை நீட்டினான். வெறும் பி காம்ப்ளெக்ஸாகத்தான் இருந்திருக்கும். இருந்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் சொல்ல முடிகிறது.

பயம் காட்டியும் பார்த்தாயிற்று. 2023இல் டெல்லி மாநிலத் தடகளத்தில் ஊக்கமருந்துச் சோதனைக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்றதும், 100 மீட்டர் இறுதியில் ஒரே ஒருவர்தான் ஓடினார். விதி தெரியாததாலா மற்றவர்கள் வரவில்லை? மெடல் வந்தால் ரயில்வேயிலோ போலீஸிலோ வேலை, வீட்டுக் கடன் அடையும் என்று ஓடுகிற பிள்ளையிடம் கல்லீரல் கெட்டுப்போகும் என்றால் காதில் ஏறாது.

அடுத்த வகுப்புக்கு மாஸ்டர்களையும் கூப்பிடு. வரமாட்டேன் என்பார்கள், வடை வாங்கி வை. நீ மாஸ்டராக நின்று ஒரு மாத்திரையை நீட்டு. அந்தச் சின்னப் பெண் எல்லார் முன்னாலும் "அட்டையைக் காட்டுங்க மாஸ்டர்" என்று கேட்கட்டும். முதல் தடவை சிரிப்பாள், இரண்டாம் தடவை குரல் வராது. நாலைந்து தடவை சொல்ல வை. சோதனை எப்படி நடக்கும் என்றும் மறைக்காமல் சொல். ஒரு பெண் அதிகாரி பார்த்துக்கொண்டிருக்க 90 மில்லி சிறுநீர் கொடுக்க வேண்டும் என்பது, பதினாலு வயசுப் பெண்ணுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தால் எப்படி இருக்கும்? ஒரு வீரர் இந்த விஷயத்தை முதலில் சந்திப்பது பாடத்திலாக இருக்க வேண்டும், சோதனையில் அல்ல என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவே எழுதி வைத்திருக்கிறது.

பார்சலில் அம்மா பருப்புப் பொடி அனுப்பியிருக்கிறாள், பிள்ளைகளுக்கும் கொடு. துவரம்பருப்பு, மிளகு, பூண்டு, பெருங்காயம், உப்பு என்று டப்பாவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அம்மா சிரிக்கிறாள்.

அன்புடன்,
அப்பா